குறிகட்டுவான் துறையும் தீவுப் படகுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போக வெளிக்கிடுகிறவர்களும், ஊர் வரலாறு தேடி வருகிற புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. கட்டணமும் நேரமும் அடிக்கடி மாறுவதால் மாறாத விஷயங்களுக்கே இதில் கூடிய இடம் கொடுத்திருக்கிறோம்.

குறிகட்டுவான் எண்டால் எங்கை கிடக்கு? அது தனித் தீவோ?

தனித் தீவு இல்லை. புங்குடுதீவின் மேற்கு அந்தத்தில் இருக்கிற கரையோரக் குறிச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குள்ளால் வருகிற வீதி இங்கே கடலைத் தொட்டு, அப்படியே இறங்குதுறையாக நீள்கிறது. ஊரவர்கள் பெரும்பாலும் "ஜெற்றி" என்று மட்டும் சொல்வார்கள். கே.கே.டி. என்று சுருக்கி எழுதியிருந்தாலும் இதே இடந்தான். காங்கேசன்துறையை கே.கே.எஸ். என்பார்கள், இரண்டையும் மாறிப் பிடித்து வடக்கே போய் இறங்கியவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்திலையிருந்து எப்பிடிப் போறது? பஸ் இருக்கோ?

இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் நேரே ஜெற்றி வரை வரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். இடையில் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பொறுத்து ஒன்றரை மணித்தியாலமும் ஆகலாம். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வங்களாவடி, பிறகு வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற வாணர் பாலம் என்று வழி போகும்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் பெற்றோலை நகரத்திலேயே அடித்துக்கொள்வது நல்லது. சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் பண்ணையிலும் வாணர் பாலத்திலும் காற்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளும். பின்னால் ஆளோ பெரிய பையோ இருந்தால் மெதுவாக ஓடுங்கள். அந்த வீதிகளில் இரண்டு பக்கமும் கடல்தான், ஒதுங்க இடமில்லை.

எந்தத் தீவுக்கு எந்தத் துறை? எல்லாம் இஞ்சையிருந்துதானோ?

நயினாதீவும் நெடுந்தீவும் குறிகட்டுவானிலிருந்து. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிறவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தாம்போதியும் (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) பாலமும் இருப்பதால் படகு தேவையில்லை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற "பாதை"யோடு இதைக் குழப்பவேண்டாம். அது வாகனமும் ஆளும் ஏறுகிற தட்டையான மிதவை. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் இலவசச் சேவை. சில நிமிடத்தில் அக்கரை சேர்க்கும். குறிகட்டுவானில் அப்படியான மிதவையை எதிர்பார்த்து வாகனத்தோடு வந்து முழிக்கிறவர்கள் அதிகம்.

அப்ப வாகனத்தை என்ன செய்யிறது?

கார், வான் எல்லாம் ஜெற்றிக்கு முன்னாலேயே நிற்கவேண்டியதுதான். கரையில் நிறுத்த இடமிருக்கிறது. திருவிழா நாட்களில் அது நிரம்பி, வீதியோரமாக நீளத்துக்கு நிற்கும். சைக்கிளைப் படகில் ஏற்றலாம். மோட்டார் சைக்கிளை ஏற்றுவதும் விடுவதும் அன்றைய கூட்டத்தையும் படகுக்காரரின் விருப்பத்தையும் பொறுத்தது. ஏற்றினால் அதற்குத் தனிக் காசு. நயினாதீவுக்கு வாகனம் தேவையே இல்லை, நடக்கிற தூரந்தான்.

படகு எத்தினை மணிக்கு? இணையத்திலை ஒவ்வொண்டு ஒவ்வொரு மாதிரிக் கிடக்கு.

நயினாதீவுக்கு விடியற்காலை தொடக்கம் மாலை வரை தனியார் படகுகள் முறை வைத்து ஓடுகின்றன. ஒன்று போனால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது ஆள் நிரப்பத் தொடங்கும். கடலில் 15 முதல் 20 நிமிடம். நேரசூசி பார்த்துப் போகத் தேவையில்லை, கடைசிப் படகு எப்போது என்பதை மட்டும் இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

நெடுந்தீவு வேறு கதை. அங்கே ஒரு நாளைக்கு ஓடுவது சில சேவைகள்தான். நேரமெல்லாம் நெடுந்தீவுச் சனத்தின் தேவைக்கு அமைக்கப்பட்டது. காலையில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் பட்டணம் வரவேண்டும், பின்னேரம் வீடு திரும்பவேண்டும். சுற்றிப்பார்க்கப் போகிறவர் இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறார்: காலையில் போய்ப் பின்னேரம் திரும்பவேண்டும். அவருக்குப் பொருந்துகிற படகு போவதற்கு ஒன்றோ இரண்டோ, வருவதற்கு ஒன்றோ இரண்டோதான். கடலில் ஒரு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். படகு பழுது, எரிபொருள், காற்று இவற்றில் எது இடறினாலும் அன்றைய நேரம் மாறும். ஆகவே முதல் நாள் நெடுந்தீவில் இருக்கிற ஒருவரிடமோ ஜெற்றியடிக் கடையிலோ கேட்காமல் வெளிக்கிட வேண்டாம். பழைய பதிவுகளில் இருக்கிற மணியை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இது பழைய காலத்துத் துறைமுகமோ?

இல்லை. பழைய துறை ஊர்காவற்றுறை. நயினாதீவில் இருக்கிற, பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதை "ஊராத்துறை" என்கிறது. பிறநாட்டு வணிகர் அங்கே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்பது அதிலுள்ள ஆணை. கப்பல் உடைந்தால் என்ன கணக்கு என்பதும் உண்டு: யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பலானால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்கு ஏற்றிய கப்பலானால் சரிபாதி. இந்தக் கடலில் கப்பல் உடைவது விதி எழுதி வைக்கிற அளவுக்கு வழமையாக இருந்திருக்கிறது என்றும் இதை வாசிக்கலாம்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதே ஊர்காவற்றுறையைத்தான் காவல் செய்தார்கள். அங்கே கடலுக்கு நடுவில் நிற்கிற கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹேமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். வன்னியில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணம் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி விற்ற காலம் அது. 

குறிகட்டுவான் இந்தக் கதைக்குள் வருவது வீதியோடுதான். தாம்போதிகள் போடப்பட்டு, பட்டணத்து வாகனம் புங்குடுதீவின் மேற்குக் கரை வரை ஓடத் தொடங்கியதும், நயினாதீவுக்கு மிகக் கிட்டவாகத் தரை முடிகிற இடமே துறையானது. கப்பல் ஆழத்தைப் பார்த்துத் துறை தேடும், பயணிப் படகு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துத் தேடும். ஊர்காவற்றுறையில் பழைய கட்டடங்கள் நிற்க, சனம் குறிகட்டுவானில் நிற்பதற்கு இதற்கு மேல் காரணம் தேடத் தேவையில்லை.

நெடுந்தீவை மட்டும் ஏன் டெல்ப்ற் எண்டு சொல்லுறவை? மற்றத் தீவுகளுக்கு அப்பிடி இல்லையே?

எல்லாவற்றுக்கும் இருந்தது. ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சூட்டினார்கள்: காரைதீவு (இன்றைய காரைநகர்) அம்ஸ்ரர்டாம், வேலணைப் பக்கம் லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ரொட்டர்டாம். 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனபிறகு இவை ஒவ்வொன்றாக வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் மாத்திரம் அரச பதிவுகளில் தங்கிவிட்டது. போர்த்துக்கேயர் அதற்குப் "பசுத்தீவு" என்று பொருள்படப் பெயரிட்டிருந்தார்கள்.

குமுதினி எண்ட படகைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். என்ன நடந்தது?

குமுதினி நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடிய அரச பயணிப் படகு. 1985 மே 15 அன்று காலை நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர், கைக்குழந்தையும் அதில் அடக்கம். ஊரவர்களின் பட்டியலில் இறந்தோர் 36 பேர். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினர், அரசு அதை மறுத்தது.

படகு திருத்தப்பட்டு அதே பெயரோடு அதே கடலில் திரும்பவும் ஓடியது. வேறு போக்குவரத்து இல்லாத சனம் அதிலேயே ஏறிப் போய்வந்தது. ஒவ்வொரு மே 15 அன்றும் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் நினைவேந்தல் நடக்கும். அன்று போகிறவர்கள் கமராவைத் தூக்கி முன்னுக்கு நிற்காமல் ஒதுங்கி நிற்பது மரியாதை.

இப்ப நெடுந்தீவுக்கு எந்தப் படகுகள்?

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற மூன்று பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். இவற்றில் நெடுந்தாரகை 2017 தொடக்கத்தில் சேவைக்கு வந்தது, நெடுந்தீவுப் பிரதேச சபைக்கு உரியது. இவை தவிரத் தனியார் படகுகளும் உண்டு. எல்லாம் ஒரே நாளில் ஓடும் என்று எண்ணவேண்டாம். ஒன்று திருத்தத்துக்குப் போனால் மற்றதில் இரட்டைக் கூட்டம் ஏறும். இடம் குறைவாக இருக்கும் நாளில் ஊரவர்களுக்கும் நோயாளிகளுக்குந்தான் முதலிடம். பெரிய குழுவாக வருகிறவர்கள் தனியார் படகைப் பேசிப் பிடிப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. பேசும்போது போக மட்டுமா, போய் நின்று திருப்பிக் கொண்டுவரவுமா என்பதைத் தெளிவாகப் பேசுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

புங்குடுதீவுக்குள்ளை ஏன் இவ்வளவு வீடு இடிஞ்சு கிடக்கு?

1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதிக்குள் இராணுவம் வந்தபோது சனம் பெருவாரியாக இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னரே தென்னிலங்கையில் கடை வைத்து வாழ்ந்த குடும்பங்கள் பல. கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பிக் குடியிருக்க வரவில்லை. உரிமையாளர் இருக்கிற காணிகள் அவை, உள்ளே போய்ப் படமெடுக்க வேண்டாம்.

நயினாதீவிலை எந்த ஜெற்றியிலை இறங்கிறது?

அங்கே இரண்டு இறங்குதுறை. ஒன்று நாகபூசணி அம்மன் கோயில் வாசலடியில், மற்றது நாகவிகாரைப் பக்கம். ஏறும்போதே எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள். மாறி இறங்கினாலும் பெரிய பிழையில்லை, பத்து நிமிட நடை. ஆனால் திரும்புகிற படகு எந்தத் துறையில் ஆள் ஏற்றுகிறது என்று கேட்காமல் நிற்பதுதான் நேரத்தைத் தின்னும்.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும். வேட்டியோ சேலையோ உடுத்திப் போனால் படகில் ஏறி இறங்கக் கொஞ்சம் சிரமம், அதை ஒரு பையில் கொண்டுபோய் அங்கே மாற்றுகிறவர்களும் உண்டு. மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்ற கொள்கையில் வந்த பெயர் அது. பௌத்தர்களுக்கோ, மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்த இடமென்று மகாவம்சம் சொல்கிற நாகதீபம். இதனால் ஆனி மாதத்து 16 நாள் திருவிழாவில் ஒரு கூட்டம், போயா (பௌர்ணமி) நாட்களிலும் பாடசாலை விடுமுறையிலும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக இன்னொரு கூட்டம். இரண்டையும் தவிர்க்க விரும்பினால் சாதாரண வாரநாளில் காலை எட்டுக்கு முன் ஜெற்றியில் நில்லுங்கள்.

எந்த மாதம் கடல் நல்லாயிருக்கும்? சத்தி வருமோ?

நெடுந்தீவுப் பயணத்துக்கு இதுதான் முக்கியமான கேள்வி. நயினாதீவுக் கடல் குறுகியது, தீவுகள் ஓரளவு மறைத்துக்கொடுக்கும். நெடுந்தீவு மேற்கு-தென்மேற்கில், மறைப்பில்லாத கடலுக்கு அப்பால் கிடக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம் அந்தத் திசையிலிருந்தே அடிக்கும். போகும்போது அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) அலை மோதிப் படகு ஏறி விழும், தண்ணீர் உள்ளே தெளிக்கும். திரும்பும்போது அலை பின்னால் வரும், நனைவது குறையும், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் உருட்டும். கார்த்திகை தொடக்கம் தை வரை வாடையில் (வடகிழக்குக் காற்றில்) இது தலைகீழாகும், மழையும் சேரும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் பொதுவாக அடக்கம்.

இந்தக் கடல் ஆழம் குறைந்தது. அதனால் அலை உயரமாக இல்லாவிட்டாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். பெருங்கடலில் கப்பலில் போய்ச் சத்தி (வாந்தி) வராதவருக்கும் இங்கே வரலாம். காலையில் இடியப்பமும் சொதியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டாம், வெறும் வயிறும் கூடாது. குளிசை போடுகிறவர் ஏறுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னாவது போடவேண்டும், தலை சுற்றத் தொடங்கியபிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

படகிலை எங்கை இருக்கிறது நல்லது?

நடுவிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு. அணியம்தான் கூட ஏறி விழும். இயந்திரத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தால் டீசல் புகை, மேலே சொன்ன சத்திக்கு அதுவே போதும். உள்ளுக்குள் இருக்கிறவர்கள் யன்னலால் தூரத்துக் கரையைப் பாருங்கள், போனைப் பார்க்கவேண்டாம். உயிர்காப்பு அங்கியைக் கையில் வைத்திருப்பதில் பயனில்லை. போட்டு, வார் இறுக்கி, தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது.

இறங்கும்போதுதான் விபத்து நடக்கிறது. ஜெற்றிச் சுவரில் பழைய ரயர்கள் கட்டித் தொங்கும், படகு அதில் உரசி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ரயரில் கால் வைக்கக் கூடாது, ஈரமும் பாசியும் வழுக்கும். கயிறு கட்டி முடியும்வரை இருக்கையிலேயே இருந்து, படகு மேலே எழும் நேரத்தில் ஒரே எட்டில் ஜெற்றிக்கு மாறுங்கள். பையை முதலில் கொடுத்துவிட்டு, நிற்கிற பெடியனின் கையை அல்ல, மணிக்கட்டைப் பிடியுங்கள். சில வேளை இரண்டு படகு அடுத்தடுத்துக் கட்டியிருக்கும், ஒன்றைத் தாண்டித்தான் கரை. எல்லாரும் ஒரே பக்கத்துக்கு எழும்பினால் படகு சரியும். படகுக்காரர் "இருங்கோ, இருங்கோ" என்று கத்துவது அதற்குத்தான்.

நடுக்கடலிலை படகு நிண்டால் பழுதெண்டு அர்த்தமோ?

எல்லா நேரமும் இல்லை. சாதாளை என்ற கடற்தாவரம் கூடுதலாக மிதக்கிற காலத்தில் அது படகை உந்துகிற விசிறியில் சுற்றும், இயந்திரத்தைக் குளிராக்கும் நீர் வரும் வழியையும் அடைக்கும். அப்போது வேகத்தைக் குறைத்து, பின்னுக்கு ஓட்டி உதறிப் பார்ப்பார்கள். அறுந்த வலைத்துண்டோ நைலோன் கயிறோ சுற்றினால் உதறிப் போகாது, ஒருவர் கத்தியோடு இறங்கவேண்டும். சில நிமிடங்களில் முடிகிற வேலை. அந்த நேரம் எழும்பி எட்டிப்பார்க்காமல் இருந்தால் அதுவே உதவி.

நெடுந்தீவைப் பார்க்க ஒரு நாள் காணுமோ?

காலைப் படகில் போனால் காணும். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், நடந்து முடியாது. மாவிலித்துறையில் இறங்கியதும் ஆட்டோ பேசுங்கள், ஆட்கள் கூடவென்றால் பிக்கப் வாகனம் கிடைக்கும். கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கு மரம் (பாஓபாப்) எல்லாம் ஒரு சுற்றில் முடியும். பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி குதிரை வளர்ப்பைக் கவனித்தார். இன்று மேய்கிற மட்டக்குதிரைகள் அந்நியர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை. அவை தெற்குப் பக்கத்து வெளிகளில் திரியும், கடும் வெயிலில் தண்ணீர் தேடி இடம் மாறும். எங்கே நிற்கின்றன என்பது ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளில் ஏறி நிற்கவேண்டாம். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கியது, ஒன்று விழுந்தால் பக்கத்திலுள்ளதும் சரியும். குடிதண்ணீர் ஆளுக்கு 2 லீற்றராவது கொண்டுபோங்கள். அங்கே பல கிணறுகள் உவர், நல்ல தண்ணீரை ஊரவர்களே அளந்துதான் பாவிக்கிறார்கள்.

கச்சதீவுக்கும் இஞ்சையிருந்துதானே?

ஆம், ஆனால் அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு மட்டும். மாசி அல்லது பங்குனியில் இரண்டு நாள் நடக்கும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து விசேட பஸ்களும், குறிகட்டுவானிலிருந்து படகுகளும் விடப்படும். மற்ற நாட்களில் பயணிப் படகு இல்லை. அங்கே குடியிருப்பும் இல்லை, நிழலும் குறைவு. நெடுந்தீவுக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கை இரண்டு மடங்காக்குங்கள்.

கடைசிப் படகை விட்டிட்டம். இனி என்ன செய்யிறது?

நயினாதீவு என்றால் ஜெற்றியில் நிற்கிற படகுக்காரரிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாம். இருட்டிவிட்டால் வற்புறுத்தாதீர்கள். களங்கண்டி என்ற மீன்பிடிப் பொறியும் வலைக் கம்புகளும் நிற்கிற கடல், இரவில் தெரியாது. யாத்திரிகர் தங்குவதற்கு மடங்கள் உண்டு.

நெடுந்தீவில் தங்குவதற்குச் சில விடுதிகள் இருக்கின்றன. மாலைப் படகு ஓடாது என்று கேள்விப்பட்ட உடனேயே போன் எடுத்து இடம் பிடியுங்கள், உங்களைப் போலவே அகப்பட்டவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அடுத்த நாள் முதற்படகு விடியற்காலையிலேயே வெளிக்கிடும், அதில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆட்டோவை முதல் நாள் இரவே சொல்லிவையுங்கள். குறிகட்டுவானில் இறங்கியதும் அந்தப் படகுக்காகவே நிற்கிற 776 பஸ் புறப்பட்டுவிடும், ஜெற்றித் தேத்தண்ணிக் கடையில் நின்றுவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும்.